கட்டியவன் கணக்கு தீருமா?

கும்மிடிப்பூண்டி ரயிலடியில் காலை நேரத்தில் ஒருநாள் நின்று பாருங்கள், தோழர்களே! சென்னையிலிருந்து வரும் வண்டி மூச்சு வாங்கி நிற்கும். தூக்குச் சட்டியும் கரணையுமாகக் கொத்தனார்கள் இறங்குவார்கள். சும்மாட்டுத் துணியை இடுப்பிலே செருகியபடி சித்தாள் பெண்கள் நடப்பார்கள். தகரக் கொட்டகைகளிலிருந்து வடபுலத்து இளைஞர்கள் வரிசையாக வருவார்கள். சிப்காட் வளாகத்திலும் தேர்வாய் கண்டிகையிலும் ஆலைகள் எழும்புகின்றன என்று பெருமை பேசுகிறோமே, அவற்றை எழுப்புகிற தோள்கள் இவைதாம்.

அந்தக் கூட்டத்திலே ஒரு கொத்தனாரைச் சந்தித்தோம். செஞ்சிப் பக்கத்துக்காரர். மடியிலிருந்து சின்ன நோட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்துக் காட்டினார். வேலை செய்த நாளுக்கு ஒரு கோடு; கூலி வந்த நாளுக்கு அதன்மேல் ஒரு குறுக்குக் கோடு. எண்ணிப் பார்த்தோம். குறுக்கு விழாத கோடுகள் 18.

"மேஸ்திரியைக் கேட்டால் காண்டிராக்டரைக் கேள் என்கிறார். காண்டிராக்டரைக் கேட்டால் கம்பெனி பில் பாஸாகவில்லை என்கிறார். கம்பெனி வாசலுக்குப் போனால், உன் பெயரே இங்கே இல்லை என்கிறார் காவலாளி. நான் யாரைத்தாங்க கேட்கிறது?" என்றார்.

யாரைக் கேட்பது? அந்தக் கேள்விக்கு விடை தேடவே இதை எழுதுகிறோம்.

கட்டிடத் தொழிலிலே தகராறு வராத நாளில்லை. கட்டச் சொன்னவருக்கும் கட்டிக் கொடுத்தவருக்கும் தகராறு வந்தால் என்ன நடக்கிறது? ஒப்பந்தத்திலேயே நடுவர் மன்றம் எழுதப்பட்டிருக்கிறது. 1996ஆம் ஆண்டின் நடுவர் சட்டத்திலே 2015இல் ஒரு திருத்தம் வந்தது. 12 மாதத்துக்குள் தீர்ப்புச் சொல்லவேண்டும் என்று கெடு வைத்தது. அரசு நிறுவனம் தன் வழக்குக்குத் தானே நடுவரை அமர்த்திக் கொள்ளும் ஏற்பாடு சமத்துவத்துக்கு ஒவ்வாது என்று 2024 நவம்பர் 8ஆம் நாள் உச்சநீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு தீர்ப்பளித்தது. நல்ல தீர்ப்பு, வரவேற்கிறோம்.

வீடு வாங்கியவருக்கும் வழி பிறந்திருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மனைவணிகச் சட்டப்படி, வீட்டைப் பெற்ற ஐந்தாண்டுக்குள் கட்டுமானத்தில் குறை கண்டால், சொன்ன 30 நாளுக்குள் கட்டியவர் காசு வாங்காமல் சரிசெய்து தரவேண்டும். இதுவும் நியாயமே. வாழ்நாள் சேமிப்பைக் கொட்டி வீடு வாங்கிய குடும்பம் ஏமாறலாமா?

பணம் போட்டவருக்கு மன்றம் உண்டு. பொருள் வாங்கியவருக்கு மன்றம் உண்டு. செங்கல்லைச் சுமந்தவருக்கு? மன்றம் இல்லாமல் இல்லை. ஆனால், இருக்கிறது என்பதை அவரிடம் சொன்னவர் யார்?

சொல்லாததன் விளைவைத் திருவள்ளூர் மாவட்டம் கண்டுவிட்டது. 2025 செப்டம்பர்த் தொடக்கத்தில், காட்டுப்பள்ளியிலே, தங்குமிடத்தில் விழுந்து ஒரு வெளிமாநிலத் தொழிலாளி இறந்தார். இழப்பீடு கேட்டு உடன் உழைத்தவர்கள் திரண்டார்கள். கல் பறந்தது, கண்ணீர்ப்புகை வீசப்பட்டது. கல்லெறிவது சரியென்று நாம் வாதாடவில்லை. ஆனால் மனுவை எங்கே கொடுப்பது, யாரிடம் பேசுவது என்று தெரியாத ஆயிரம் பேரின் நெஞ்சிலே துயரம் அடைபட்டால், அது எந்த வழியாக வெளிவரும் என்பதை ஆளுவோரும் ஆலை முதலாளிகளும் எண்ணிப் பார்க்கவேண்டாமா?

உயிரிழப்புகள் ஒன்றா, இரண்டா? 2014 ஜூன் 28இல் மௌலிவாக்கத்திலே பதினொரு மாடிக் கட்டிடம் சரிந்து 61 பேர் மாண்டனர். அந்தக் கண்ணீர் காயுமுன்பே, ஜூலை 6ஆம் நாள், நம் திருவள்ளூர் மாவட்டத்து உப்பரபாளையத்திலே கிடங்கின் மதில் பக்கத்துக் குடிசைகள்மேல் சாய்ந்து 11 பேரைக் கொன்றது. 2025 செப்டம்பர் 30இல், எண்ணூர் சிறப்புப் பொருளாதார மண்டல அனல்மின் நிலையக் கட்டுமானத்திலே எஃகு வளைவு சரிந்து 9 பேர் பலியானார்கள். ஊர்விட்டு ஊர் வந்தவர்கள். உறங்க வந்த இடத்திலும் உழைக்க வந்த இடத்திலும் உயிரை விட்டவர்கள். ஒவ்வொரு முறையும் அரசு நிதி அறிவிக்கிறது. ஏடுகள் படம் போடுகின்றன. பிறகு? அடுத்த விபத்துவரை அமைதி!

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. உடலுழைப்புத் தொழிலாளர்க்கெனத் தமிழ்நாடு 1982லேயே தனிச் சட்டம் செய்தது. 1994இல் கட்டுமானத் தொழிலாளர் நலவாரியம் அமைந்தது. அதற்குப் பிறகே, 1996இல், மத்திய அரசின் கட்டுமானத் தொழிலாளர் சட்டமும், கட்டிடச் செலவில் 1 சதவீதத்துக்குக் குறையாமல் நலநிதி வசூலிக்கும் சட்டமும் வந்தன. நூறு கோடியிலே ஓர் ஆலை எழும்பினால் ஒரு கோடி தொழிலாளிக்கு! எழுத்திலே இனிக்கிறது. ஆனால் 2018 மார்ச் 19இல் உச்சநீதிமன்றம் எடுத்துக்காட்டிய கணக்கைப் பாருங்கள்: இந்தியா முழுவதும் திரண்ட நிதி 37,400 கோடி ரூபாய்க்கு மேல், தொழிலாளிக்காகச் செலவிட்டதோ ஏறத்தாழ 9,500 கோடி. பானை நிறையச் சோறு. பசித்தவன் கையிலே அகப்பை இல்லை!

2025 நவம்பர் 21 முதல், பழைய 29 சட்டங்களின் இடத்திலே மத்திய அரசின் நான்கு தொகுப்புச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. அவற்றிலே நமக்கு உதவுவது எது, நம்மை உறுத்துவது எது என்று பிரித்துப் பார்ப்போம்.

உதவுவது இது. கூலிப் பாக்கி கேட்டு மூன்று ஆண்டுகள்வரை மனுச் செய்யலாம். முன்பு ஓராண்டோடு கதவு மூடிவிடும். மனுவை மூன்று மாதத்துக்குள் முடிக்க அதிகாரி முயலவேண்டும். பாக்கியோடு அதன் பத்து மடங்குவரை இழப்பீடு விதிக்கலாம். வேலையை விட்டு நீக்கினால் இரண்டு வேலை நாளுக்குள் கூலி தீர்க்கவேண்டும். காண்டிராக்டர் கைவிரித்தால், வேலை நடக்கும் நிறுவனத்தின் உடைமையாளரே பொறுப்பு. எல்லாவற்றுக்கும் மேலாக, கூலி கொடுத்தாகிவிட்டது என்று மெய்ப்பிக்கும் சுமை முதலாளியின் தலைமேல்!

உறுத்துவது இது. ஒப்பந்தத் தொழிலாளர்க்கான பாதுகாப்பு முன்பு 20 பேர் இருந்தாலே கிடைக்கும். இப்போது 50 பேர் வேண்டும். வெளிமாநிலத் தொழிலாளர்க்கு 5 என்றிருந்தது 10 ஆகியிருக்கிறது. நாற்பது பேரை வைத்து வேலை வாங்கும் சின்னக் காண்டிராக்டர்கள் எத்தனை பேர் என்று கும்மிடிப்பூண்டியைக் கேட்டால் தெரியும். வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பு எல்லாத் தொழிலுக்கும் கட்டாயமாகிவிட்டது. சாரம் ஆடுகிறது என்று தெரிந்தபின் பதினான்கு நாள் காத்திருக்கச் சாரத்துக்குத் தெரியுமா?

ஒப்பந்தக்காரருக்கு 12 மாதத்துக்குள் தீர்ப்புச் சொல்ல'வேண்டும்'. கொத்தனாருக்கு மூன்று மாதத்துக்குள் முடிக்க 'முயலவேண்டும்'. இந்த இரண்டு சொற்களுக்கு நடுவிலேதான் அந்த 18 கோடுகளும் கிடக்கின்றன. ஆகவே நாம் கேட்பது சலுகையல்ல. முயற்சி என்பது கட்டளையாகட்டும். தொழில் வளாகந்தோறும் தொழிலாளர் துறை அதிகாரி வாரம் ஒருநாள் வந்து உட்காரட்டும். தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் தெலுங்கிலும் மனு எழுத வழி இருக்கட்டும். வடக்கத்தியான் என்று அவரை ஒதுக்குவது நமக்கே கேடு. அவர் கூலியை அமுக்கியவன் நாளை நம் கூலியையும் அமுக்குவான்.

அரசு செய்யும்வரை நாம் கைகட்டி நிற்கவேண்டியதில்லை, தோழர்களே! ஊர்தோறும் நமக்குப் படிப்பகம் இருக்கிறது. மாலையிலே அங்கே ஒரு மேசை போடுங்கள். நலவாரியத்தில் பதியாதவர்களைப் பதியச் செய்யுங்கள். 18 வயதிலிருந்து 60 வயதுவரை உள்ளவர், ஓராண்டில் 90 நாள் கட்டிட வேலை செய்திருந்தால் பதியலாம். வேலைக்குச் சேரும்போதே நியமனக் கடிதம் கேட்கக் கற்றுக்கொடுங்கள். எழுதத் தெரியாதவருக்கு மனு எழுதிக் கொடுங்கள். மேடையிலே பேசிய நாவு மேசையிலே எழுதிப் பழகட்டும்.

அந்தக் கொத்தனாரிடம் நாம் ஒன்றே சொல்லி வந்தோம்: "ஐயா, இந்த நோட்டைத் தொலைத்துவிடாதீர்கள். நாளும் தேதியும், வேலை நடந்த இடமும், மேஸ்திரி பெயரும் சேர்த்து எழுதுங்கள். கோடு போட்டது நீங்கள். கூலி கொடுத்தேன் என்று மெய்ப்பிக்கவேண்டியது அவர்கள்."

அவர் நோட்டை மூடி மடியிலே பத்திரமாகச் செருகிக்கொண்டார். அன்றைய கோட்டைப் போட வேலைக்கு நடந்தார். பதினெட்டுக்கும் குறுக்குக் கோடு விழும்வரை நாமும் அவரோடு நடப்போம்.