402 மீட்டரில் இத்தனை அதிசயமா? தெரியுமா உங்களுக்கு!

மொன்றியல் டவுன்டவுனில் பெரி-யூகாம் மெட்ரோ நிலையத்தில் மஞ்சள் லைன் ஏறுங்கள். ஒரே ஒரு ஸ்டாப். ஜான்-ட்ரப்போ நிலையத்தில் இறங்கி அடுத்த தீவுக்கு நடந்தால் ஜில் வில்நெவ் சர்க்கியூட்! 4.361 கிலோமீட்டர் ஃபார்முலா 1 பாதை. பந்தயம் இல்லாத நாளில் நம் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுகிற இடமும் அதுதான். தொடக்கக் கோட்டில் ஜில் வில்நெவ் என்ற பந்தய வீரரின் பெயரைச் சொல்லி வணக்கம் எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆனால் அந்த ஜில் வில்நெவ், ஃபெராரியின் பக்கமே போகாத காலத்தில், தினமும் ரோட்டில் ஓட்டிக்கொண்டிருந்த தன் சொந்த 1967 ஃபோர்ட் மஸ்டாங்கை மாற்றியமைத்து எடுத்துக்கொண்டு உள்ளூர் டிராக் ரேஸ்களில் இறங்கித்தான் பந்தய வாழ்க்கையைத் தொடங்கினார் என்பது தெரியுமா?

ஆமாம்! பிறகுதான் ரேஸ் பள்ளிக்கூடம், ஸ்னோமொபைல், 1974-இல் ஸ்னோமொபைல் உலகப் பட்டம், எல்லாம். 1978 அக்டோபர் 8-ஆம் தேதி இதே தீவில் தன் முதல் ஃபார்முலா 1 வெற்றியைப் பெற்றார். 1982-இல் பெல்ஜியத்தில் விபத்தில் இறந்ததும் பாதைக்கே அவர் பெயரை வைத்தார்கள். அத்தனை பெரிய கதையின் முதல் வரி, ஒரு நேர்கோட்டில் ஒரு மஸ்டாங்!

நேர்கோடு என்றால் நேர்கோடேதான். டிராக் ரேஸில் வளைவு கிடையாது, சுற்று கிடையாது. இரண்டு கார், பக்கத்துப் பக்கத்தில், நின்ற இடத்திலிருந்து கிளம்பி கால் மைல், அதாவது 402 மீட்டர். யார் முதலில் கடக்கிறாரோ அவருக்கு வெற்றி. ‘இதில் என்ன இருக்கிறது, ஆக்சிலரேட்டரை மிதித்தால் போயிற்று’ என்று சொல்கிறவர்களைப் பிடித்து உட்கார வைத்துச் சொல்ல என்னிடம் ஒரு மூட்டை சமாசாரம் இருக்கிறது.

முதலில் ராட்சதர்களைப் பார்த்துவிடுவோம். டாப் ஃபியூயல் என்று ஒரு வகை. நீண்டு மெலிந்த உடல், பின்னால் இரண்டு பிரம்மாண்டமான டயர், 8 லிட்டருக்குச் சற்று அதிகமான வி8 எஞ்சின். அதன் சக்தி 11,000 குதிரைத்திறனுக்கும் மேல்! நின்ற இடத்திலிருந்து மணிக்கு 160 கிலோமீட்டரைத் தொட ஒரு வினாடிகூட ஆகாது. ஓட்டம் முடிகிறபோது வேகம் 530-ஐத் தாண்டியிருக்கும். பிரேக் மட்டும் போதாது, பின்னால் பாராசூட் விரிய வேண்டும்.

இத்தனை சக்தி எங்கிருந்து வருகிறது தெரியுமா? அது பெட்ரோல் இல்லை, நைட்ரோமீத்தேன். இந்த எரிபொருளின் மூலக்கூறுக்குள்ளேயே ஆக்சிஜன் இருக்கிறது. ஒரு கிலோ பெட்ரோல் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். நைட்ரோமீத்தேனுக்கு 1.7 கிலோ போதும். ஆக, அதே காற்றில் எட்டு மடங்குக்கு மேல் எரிபொருளைக் கொட்டி எரிக்கலாம். கிலோவுக்குக் கிலோ பார்த்தால் பெட்ரோலைவிடக் குறைந்த ஆற்றல்தான்; ஆனால் எஞ்சினுக்குள் நுழைகிற காற்றுக்குக் கணக்குப் பார்த்தால் இரண்டு மடங்குக்கு மேல்! டயரைச் சூடாக்குவது முதல் எல்லைக்கோடு வரை ஒரு ஓட்டத்துக்கு 50 லிட்டருக்கு மேல் குடித்துவிடும். நம் வீட்டுக் காரின் முழு டேங்க் அது!

இன்னும் ஒன்று. நிமிடத்துக்கு 8,000 சுற்று என்று வைத்தால், நான்கு வினாடிக்குக் குறைவான அந்த ஓட்டத்தில் எஞ்சின் மொத்தமாகச் சுற்றுவது சுமார் 500 தடவைதான். அதற்குள்ளேயே தேய்ந்துபோகும். அடுத்த ஓட்டத்துக்குள் எஞ்சினைப் பிரித்து, பிஸ்டன் மாற்றி, மறுபடி பூட்டுகிறார்கள். அத்தனையும் ரசிகர்கள் கண்ணெதிரே! டிராக் ரேஸில் பிட் பகுதிக்குள் ரசிகர்கள் தாராளமாகப் போகலாம். கையெட்டும் தூரத்தில் எஞ்சினைப் பிரிக்கிறதைப் பார்க்கிற பாக்கியம் ஃபார்முலா 1-இல் எந்தச் சாதாரண டிக்கெட்டுக்குக் கிடைக்கும், சொல்லுங்கள்?

அந்த அசுரர்கள் இப்போது 402 மீட்டர் முழுதும் ஓடுவதில்லை என்பதும் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். 2008 ஜூனில் நியூ ஜெர்சியில் டிராக் ரேஸ் வீரர் ஸ்காட் கலிட்டா இறந்த விபத்துக்குப் பிறகு, அந்த ஆண்டு ஜூலையிலிருந்தே அமெரிக்காவின் டிராக் ரேஸ் அமைப்பான என்.எச்.ஆர்.ஏ. அவர்களுக்கான தூரத்தை 1,000 அடியாகக் குறைத்துவிட்டது.

நம் கியூபெக்குக்கு வருவோம். டவுன்டவுனிலிருந்து கிழக்கே ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணத்தில் சென்-பீ என்ற ஊர். அங்கே சனேர் பந்தய வளாகம். 1970-களிலும் 80-களிலும் என்.எச்.ஆர்.ஏ.-வின் தேசிய அளவிலான பந்தயமே அங்கு நடந்தது! உலகின் முதல்வரிசை வீரர்கள் எல்லோரும் கியூபெக் சோளக்காட்டு நடுவே வந்து ஓடினார்கள். அவர்களில் ஷெர்லி மல்டவுனியும் ஒருவர். டாப் ஃபியூயல் ஓட்ட என்.எச்.ஆர்.ஏ. உரிமம் பெற்ற முதல் பெண். 1977, 1980, 1982 என்று மூன்று முறை சாம்பியன். டாப் ஃபியூயலில் மூன்று பட்டம் வென்ற முதல் ஆளும் அவர்தான். ஆண்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்! 1983-இல் அவர் வாழ்க்கை ‘ஹார்ட் லைக் எ வீல்’ என்று சினிமாவாகவே வந்தது.

மறு வருடம், 1984 ஜூன் 29. சனேர். மணிக்கு 400 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போது முன்டயரின் டியூப் பிதுங்கி வந்து சக்கர அச்சில் சுற்றிக்கொண்டது. சக்கரம் இறுகியது. கார் சிதறியது. இரண்டு கால்களும், இடுப்பும், கைகளும் நொறுங்கின. மொன்றியல் மருத்துவர்கள்தான் உயிரைப் பிடித்து நிறுத்தினார்கள். இனி நடப்பாரா என்பதே கேள்வியாக இருந்தது. அவர் என்ன செய்தார் தெரியுமா? 1986-இல் மறுபடி டாப் ஃபியூயல் காரில் ஏறினார். 1989-இல் தேசியப் பந்தயத்தை மறுபடி வென்றார்!

நம்பமுடியாத இன்னொரு பொருத்தம்: அதே 1984 செப்டம்பரில், அதே சனேர் வளாகத்தின் வட்டப் பாதையில் ரிக் மியர்ஸ் மோதி இரண்டு கால்களும் நசுங்கின. அந்த ஆண்டு மே மாதம்தான் இண்டியானாபொலிஸ் 500 வென்றிருந்தார். அவரும் எழுந்தார். 1988-இலும் 1991-இலும் மறுபடி அதே பந்தயத்தை வென்றார். ஒரே கோடை, ஒரே ஊர், இரண்டு பேர் மீண்டு வந்த கதை. கிரெசன்ட் தெருவில் கிராண்ட் பிரீ வாரத்தில் கார்களைச் சுற்றிப் படமெடுக்கிற ஆயிரமாயிரம் பேரில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

சரி, இது சாம்பியன்களின் உலகம். நமக்கு என்ன இடம்? அங்கேதான் டிராக் ரேஸின் மகா அதிசயம் இருக்கிறது. வேலைக்குப் போகிற காரிலேயே நீங்களும் ஓடலாம்! டவுன்டவுனிலிருந்து ஷம்ப்ளேன் பாலம் கடந்து, அமெரிக்க எல்லையை நோக்கி 15-ஆம் நெடுஞ்சாலையில் தெற்கே போனால் நேப்பியர்வில் டிராக்வே. அங்கே என் சிவிக் பக்கத்தில் பிக்கப் டிரக் நிற்கும், அதற்குப் பின்னால் ஐம்பது வயதுப் பழைய செவர்லே நிற்கும்.

முதலில் பரிசோதனை. வீல் நட் இறுக்கமா, பேட்டரி அசைகிறதா, எண்ணெய் கசிகிறதா என்று பார்ப்பார்கள். 13.99 வினாடி அல்லது அதைவிட வேகமாக ஓடும் காருக்கு என்.எச்.ஆர்.ஏ. விதிப்படி ஹெல்மெட் கட்டாயம். நான் ஓட்டம் எதுவானாலும் ஹெல்மெட் போடுகிறவன். வரிசையில் நகரும்போது ஏ.சி.யை அணைத்துவிட வேண்டும். அதிலிருந்து சொட்டுகிற தண்ணீர் பாதையில் விழுந்தால் பின்னால் வருகிறவருக்கு ஆபத்து. தொடக்கக் கோட்டுக்குச் சற்று முன்னால் தண்ணீர் தேங்கிய ஒரு இடம் இருக்கும். பெரிய ஸ்லிக் டயர்காரர்கள் அதில் நனைத்துச் சுழற்றி, புகை கிளப்பிச் சூடாக்குவார்கள். நம் சாதாரண டயர் அதைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். டயர் வெட்டுக்களில் தங்கிய தண்ணீரைக் கோடு வரை கொண்டுபோய்விடுவோமே! கோட்டருகே தரையில் பசை தெளித்திருப்பார்கள். நடந்தால் செருப்பு கழன்று தரையோடு நின்றுவிடும்!

எதிரே கம்பத்தில் விளக்குகள். ‘கிறிஸ்துமஸ் மரம்’ என்பார்கள், 1963-இலிருந்து இருக்கிறது. மேலே இரண்டு சின்ன விளக்குகள். முன்சக்கரம் முதல் ஒளிக்கதிரை மறைத்தால் ஒன்று எரியும். இன்னும் சில அங்குலம் ஊர்ந்தால் மற்றதும் எரியும். இப்போது நீங்கள் தயார். பிறகு மஞ்சள், மஞ்சள், மஞ்சள், ஒவ்வொன்றுக்கும் அரை வினாடி. அப்புறம் பச்சை.

பச்சையைப் பார்த்துக் கிளம்பினால் தோற்றுவிடுவீர்கள் என்பது தெரியுமா? கண் பார்த்து, கால் மிதித்து, கார் அசைந்து, சக்கரம் ஒளிக்கதிரை விட்டு நகர்வதற்குள் பல பத்தில் ஒரு பங்கு வினாடிகள் போய்விடும். கடைசி மஞ்சள் எரிகிற அதே கணத்தில் கிளம்ப வேண்டும். ஆனால் பச்சைக்கு ஆயிரத்தில் ஒரு வினாடி முன்னால் சக்கரம் ஒளிக்கதிரை விட்டு நகர்ந்தாலும் சிவப்பு, ஆட்டம் காலி!

இதைவிட ஆச்சரியம்: ஓட்ட நேரக் கடிகாரம் பச்சை எரிந்ததும் ஓடத் தொடங்காது! உங்கள் கார் அசைந்தபிறகுதான் தொடங்கும். நீங்கள் தூங்கிய நேரம் தனிக்கணக்கு. ஒருவர் 0.300 தாமதித்து 14.10-இல் ஓடுகிறார், மற்றவர் 0.050-இல் கிளம்பி 14.30-இல் ஓடுகிறார். கூட்டிப் பாருங்கள். வேகம் குறைந்த கார் அரை சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் ஜெயித்துவிட்டது!

அமெச்சூர்களுக்கென்றே ‘பிராக்கெட்’ முறை இருக்கிறது. என் மனத்தில் இதுதான் மோட்டார் விளையாட்டிலேயே நியாயமான ஏற்பாடு. உங்கள் கார் எத்தனை வினாடியில் ஓடும் என்று நீங்களே கண்ணாடியில் எழுத வேண்டும். ஒரு கொரோலா 16.20, எதிரில் மஸ்டாங் 11.70 என்றால், கொரோலாவுக்கு நாலரை வினாடி முன்னதாகவே பச்சை! மஸ்டாங் கோட்டில் துடித்துக்கொண்டு நிற்கும். கொரோலா கொஞ்ச தூரம் போன பிறகு அது கிளம்பித் துரத்தும். கடைசிச் சில மீட்டரில் இரண்டும் ஒன்றாக வரும். ஏமாற்ற முடியாதா, மெதுவான நேரத்தை எழுதினால்? முடியாது. எழுதியதைவிட வேகமாக ஓடினாலும் தோல்வி! உங்கள் காரை நீங்கள் எவ்வளவு அறிந்திருக்கிறீர்கள் என்பதுதான் போட்டி. மாணவர் ஒருவர் அம்மாவின் காரில் வந்து, லட்சக்கணக்கில் செலவழித்தவரை வீட்டுக்கு அனுப்பலாம். 1992-இலிருந்து சின்னஞ்சிறு டிராக்ஸ்டரில் குழந்தைகளுக்கென்று என்.எச்.ஆர்.ஏ.-வில் தனிப் பிரிவே இருக்கிறது. இப்போது 5 வயதிலிருந்தே சேரலாம்!

ஓட்டம் முடிந்து திரும்பி வரும்போது ஒரு சின்னச் சாளரத்தில் துண்டுச் சீட்டு தருவார்கள். கிளம்பிய தாமதம், முதல் 60 அடி, 330, 660, 1,000, 1,320 அடி என்று ஒவ்வொன்றும் ஆயிரத்தில் ஒரு வினாடிக் கணக்கில், கூடவே வேகமும். நான் முதலில் பார்ப்பது 60 அடி எண்ணைத்தான். அங்கே மிச்சம் பிடித்தது, கடைசியில் ஏறக்குறைய ஒன்றரை மடங்காகத் திரும்பி வரும். காற்றும் முக்கியம். குளிர்ந்த, வறண்ட காற்று அடர்த்தியானது, எஞ்சினுக்கு விருந்து. ஜூலைப் புழுக்கத்தில் திணறிய அதே கார் செப்டம்பர் மாலையில் பாய்வதைப் பார்க்க வேண்டும்! டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை கியூபெக்கில் குளிர்கால டயர் கட்டாயம் என்பதால், எங்கள் கோடை டயர்களும் கனவுகளும் அந்த மாதங்களில் கராஜில்தான்.

நம் ஊர்ப்பக்கம் இது உண்டா என்று கேட்கிறீர்களா? உலகம் முழுக்க இந்த விளையாட்டை வளர்த்தவை விமான ஓடுதளங்கள். 1950-இல் கலிஃபோர்னியாவின் சாண்டா ஆனா விமான நிலையத்தில்தான் கட்டணம் வாங்கி முறையாக டிராக் ரேஸ் நடத்தத் தொடங்கினார்கள். சென்னைக்கு வெளியே சோழவரமும் உலகப் போர்க்கால ஓடுதளம்தான். 1953-இல் பிறந்த மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல பத்தாண்டுகள் அங்கே பந்தயம் நடத்தி மக்களைக் கூட்டியது. இலங்கையில் களுத்துறைப் பக்கம் கட்டுகுருந்தையும் அப்படியே, விமானத்தளத்தில் கார்கள்! பின்னர் மெட்ராஸ் கிளப் இருங்காட்டுக்கோட்டையில் சொந்தப் பாதை அமைத்தது. தேசிய மோட்டார்சைக்கிள் டிராக் பந்தயங்கள் அங்கே நடக்கின்றன. பெங்களூரின் ஹேமந்த் முத்தப்பா அந்தப் போட்டிகளில் பட்டத்துக்கு மேல் பட்டமாக வென்றவர்.

கடைசியாக, நம் இளைஞர்களுக்கு ஒன்று. சென்ட் கேத்தரின் தெருவிலோ நெடுஞ்சாலையிலோ பக்கத்துக் காரோடு போட்டி போட்டால் கியூபெக்கில் என்ன ஆகும் தெரியுமா? ஓட்டுநர் உரிமம் அந்த இடத்திலேயே முடக்கம், கார் பறிமுதல், 12 குறைப்புப் புள்ளிகள். 23 வயதுக்குக் கீழே இருப்பவருக்கு மொத்தமே 8 புள்ளிகள்தான் வரம்பு. ஒரே ஓட்டத்தில் உரிமம் போய்விடும். 2006-இல் கனடாவின் குற்றவியல் சட்டத்திலும் தெரு ரேஸைத் தனிக் குற்றமாகச் சேர்த்தார்கள். நடைபாதையில் போகிற யாரோ ஒருவரின் உயிரையும் பணயம் வைக்கிறோம் என்பது அதைவிடப் பெரிது. காரில் ஆசையுள்ள தம்பி, தங்கை, மகன், மகள் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால், இந்தக் கோடையில் ஒரு மாலை நீங்களே நேப்பியர்விலுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். காதுக்கு அடைப்பான் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.