விண்வெளியில் துரத்திப் பிடிப்பது எப்படி?

கெங்கவல்லியிலிருந்து ஆத்தூர் செல்லும் பேருந்தில் காலை நேரத்தில் ஏறினால், கைப்பேசியில் விண்கலச் சண்டை போட்டுக்கொண்டு வரும் மாணவர்கள் இரண்டு மூன்று பேரையாவது பார்க்கலாம். எதிரியின் கலம் முன்னே பாய்கிறது. நம்மவர் கலம் வலப்பக்கம் சாய்ந்து, வளைந்து, அதன் வாலைப் பிடித்துக்கொள்கிறது. படபடவென்று சுடுகிறது, எதிரி வெடித்துச் சிதறுகிறான். வெடிச்சத்தம் வேறு காதைப் பிளக்கிறது! காற்றே இல்லாத இடத்தில் ஓசை எப்படி வந்தது என்று கேட்டு உங்கள் மகிழ்ச்சியைக் கெடுக்க நான் விரும்பவில்லை. ஆனால் அந்தக் கலம் வளைந்து திரும்பியதே, அதைப் பற்றிக் கொஞ்சம் பேசத்தான் வேண்டும். அப்படி வளையும் கலம் விண்வெளிக் கலமே அன்று. அது விண்வெளி வேடம் போட்ட ஆகாய விமானம்.

விமானம் எப்படித் திரும்புகிறது? இறக்கைகளைச் சாய்க்கிறது. காற்று இறக்கையைத் தூக்கும் விசையும் அதனுடன் சாய்ந்து, அதன் ஒரு பங்கு விமானத்தைப் பக்கவாட்டில் இழுக்கிறது. நீங்கள் வரும் பேருந்து வளைவில் திரும்புவதற்கு, டயருக்கும் சாலைக்கும் இடையே உள்ள உராய்வு உதவுகிறது. விண்வெளியில் காற்றும் இல்லை, சாலையும் இல்லை. அங்கே எதைப் பிடித்துக்கொண்டு திரும்புவது?

நன்றாகப் பவுடர் தூவிய கேரம் பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். சுண்டிவிட்ட காய் ஓடுகிறது. ஓடும்போதே அது தன்னைத்தானே சுற்றினாலும் போகிற வழி மாறுவதில்லை. வழி மாற வேண்டுமானால் இன்னொரு காயோ பலகையின் விளிம்போ அதன்மேல் மோத வேண்டும். விண்கலமும் அப்படியே. மூக்கைத் திருப்புவது வேறு, பாதையைத் திருப்புவது வேறு. கலத்தின் மூக்கை வடக்கே திருப்பிவிட்டால், அது வடக்கே பார்த்தபடியே கிழக்கு நோக்கிப் போய்க்கொண்டிருக்கும். நியூட்டனின் முதல் விதியைப் பள்ளியில் ஒப்பித்திருப்பீர்கள். அதன் பொருள் பலருக்கு இந்த இடத்தில்தான் விளங்குகிறது.

வேடிக்கை என்னவென்றால், உலகின் முதல் விண்வெளிச் சண்டை விளையாட்டு இந்த விதியை ஒழுங்காகவே மதித்தது. 1962-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், பி.டி.பி.-1 என்ற பெரிய கணிப்பொறியில் ஸ்டீவ் ரஸ்ஸலும் அவருடைய நண்பர்களும் ‘ஸ்பேஸ்வார்’ என்ற விளையாட்டை உருவாக்கினார்கள். திரையில் இரண்டு கலங்கள், நடுவே ஒரு விண்மீன். மூக்கைத் திருப்ப ஒரு விசை, உந்த ஒரு விசை, சுட ஒரு விசை. உந்திவிட்டால் கலம் போய்க்கொண்டே இருக்கும். நடுவிலுள்ள விண்மீன் வேறு அதை ஈர்த்துக்கொண்டிருக்கும். பின்னால் வந்த பல விளையாட்டுகள் ஆட்டம் எளிதாக வேண்டும் என்று விமானத்தைப் பின்பற்றின. 1984-இல் வந்த ‘எலைட்’ அவற்றுள் புகழ்பெற்றது. 1993-இல் அதன் அடுத்த பகுதி நியூட்டன் விதிகளுக்குத் திரும்பியபோது, பழைய ஆட்டக்காரர்கள் திணறிப்போனார்கள். எதிரியை நோக்கிப் பாய்ந்தால் நிற்க முடிவதில்லை. ஒருவரையொருவர் கடந்து வெகுதூரம் போய்விட வேண்டியதுதான்!

இத்தகைய விளையாட்டை முதன்முதலாகத் தொடும் ஒருவர் சுடக் கற்பதற்கு முன்னால் நிற்கக் கற்க வேண்டும். உங்கள் கலத்தின் முடுக்கம் விநாடிக்கு விநாடி 10 மீட்டர் என்க. 10 விநாடி உந்தினால் திசைவேகம் விநாடிக்கு 100 மீட்டர் ஆகும். அதற்குள் 500 மீட்டர் கடந்திருப்பீர்கள். நிறுத்த வேண்டுமானால் கலத்தைப் பின்பக்கம் திருப்பி இன்னும் 10 விநாடி உந்த வேண்டும். அதற்குள் இன்னுமொரு 500 மீட்டர் போய்விடும். ஆகவே 1,000 மீட்டர் தொலைவில் உள்ள இடத்துக்குப் போக, பாதி வழியிலேயே பிரேக் போடத் தொடங்கிவிட வேண்டும். புதியவர்கள் இலக்கை நெருங்கும்வரை உந்திக்கொண்டே போய், பிறகு அதைத் தாண்டி ஓடுவது இதனால்தான்.

அடுத்து, திரும்புதல். கிழக்கே விநாடிக்கு 100 மீட்டர் வேகத்தில் போகிறீர்கள். அதே வேகத்தில் வடக்கே போக வேண்டும். முதலில் நின்று பிறகு வடக்கே உந்தினால் 10-உம் 10-உமாக 20 விநாடிகள் ஆகும். வடமேற்குத் திசையில் ஒரேயடியாக உந்தினால்? மேற்கே 100, வடக்கே 100 என்னும் இரு திசையன்களின் கூடுதல், பிதாகரஸ் தேற்றப்படி 141. பதினான்கே விநாடிகளில் வேலை முடிந்தது! ஏறக்குறைய முப்பது விழுக்காடு எரிபொருளும் மிச்சம். சண்டையில் ஆறு விநாடி என்பது சிறிய காலம் அல்ல.

குறி பார்ப்பதிலும் இதே திசையன் கணக்குத்தான். மக்காச்சோளக் காட்டில் கிளி விரட்டியவர்களைக் கேட்டுப் பாருங்கள். பறக்கும் கிளிக்குக் கல்லை எங்கே எறிய வேண்டும் என்று சொல்வார்கள். 1,000 மீட்டர் தொலைவில் எதிரி குறுக்கே விநாடிக்கு 100 மீட்டர் வேகத்தில் போகிறான். உங்கள் குண்டு விநாடிக்கு 500 மீட்டர் போகிறது. இரண்டு விநாடியில் அவன் 200 மீட்டர் தள்ளிப் போயிருப்பான். குறியை அவ்வளவு முன்னால் வைக்க வேண்டும். இதில் 100 மீட்டர் என்று நான் சொன்னது அவனுக்கும் உங்களுக்கும் இடையேயான சார்புத் திசைவேகம் என்பதை மறந்துவிடாதீர்கள். இருவரும் ஒரே திசையில் ஒரே வேகத்தில் போனால் அது சுழி, நேராகவே சுடலாம்.

இதுவரை சொன்னது, அருகில் கோள் எதுவும் இல்லாத வெட்டவெளிக்கு. பூமியைச் சுற்றும்போது நிலைமை இதைவிட விந்தையானது.

1965 ஜூன் 3 அன்று அமெரிக்காவின் ஜெமினி-4 விண்கலம் ஏவப்பட்டது. அதை ஓட்டிய ஜேம்ஸ் மெக்டிவிட், கொரியப் போரில் 145 முறை போர் விமானத்தில் பறந்தவர். துரத்துவதில் அவருக்கு யாரும் பாடம் சொல்லித்தர வேண்டியதில்லை என்றே எவரும் நினைப்பார்கள். தம்மை ஏற்றிவந்து பிரிந்த ராக்கெட்டின் இரண்டாம் அடுக்கை நெருங்குவது அவருக்குத் தரப்பட்ட வேலைகளுள் ஒன்று. அது கண்ணுக்கெதிரே மிதந்துகொண்டிருந்தது. அவர் கலத்தின் மூக்கை அதை நோக்கித் திருப்பி உந்தினார். ராக்கெட் அடுக்கு அருகில் வருவதற்குப் பதில் விலகிப் போயிற்று. மறுபடியும் உந்தினார், மறுபடியும் விலகிற்று. எரிபொருளில் ஏறக்குறையப் பாதி தீர்ந்ததும் அந்த முயற்சியைக் கைவிட வேண்டியதாயிற்று.

என்ன நடந்தது? பூமியிலிருந்து 475 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஒரு செயற்கைக்கோளை எடுத்துக்கொள்வோம். அதன் வேகம் விநாடிக்கு 7.6 கிலோமீட்டர், ஒரு சுற்றுக்கு 94 நிமிடங்கள், அதாவது சுமார் 5,650 விநாடிகள். முன்னால் போகும் கலத்தைப் பிடிக்க நினைத்து, விநாடிக்கு ஒரே ஒரு மீட்டர் வேகத்தைக் கூட்டுகிறீர்கள். ஒரு சுற்று முடிவதற்குள் ஐந்தரை கிலோமீட்டருக்கு மேல் முன்னேறியிருப்போம் என்றுதானே எண்ணுவீர்கள்? உண்மையில் 17 கிலோமீட்டர் பின்தங்கியிருப்பீர்கள்!

காரணம் இதுதான். கூட்டிய வேகம் உங்களை மேலே ஏற்றுகிறது. பூமியின் மறுபக்கத்துக்குப் போகும்போது முன்னைவிட 3.6 கிலோமீட்டர் உயர்ந்திருப்பீர்கள். பள்ளி விளையாட்டு விழாவில் வெளிவட்டத்தில் ஓடுகிறவர் அதிக தூரம் ஓட வேண்டும் அல்லவா? இங்கே தூரமும் கூடுகிறது. உயரே ஏறும்போது வேகமும் குறைகிறது. ஒரு சுற்று முடிக்க 2.2 விநாடி தாமதமாகிறது. விநாடிக்கு 7.6 கிலோமீட்டர் ஓடுகிற உலகத்தில் 2.2 விநாடி என்பது 17 கிலோமீட்டர். ஆகவே முன்னே போகிறவரைப் பிடிக்கப் பிரேக் போட வேண்டும். பின்னே வருகிறவருக்காகக் காத்திருக்க வேகத்தைக் கூட்ட வேண்டும். வேகம் குறைந்தால் கலம் தாழ்ந்து, உள்வட்டத்தில் ஓடி, முந்திக்கொள்ளும்.

இந்தக் கணக்கைத் தம் முனைவர் பட்டத்துக்கே பொருளாக எடுத்துக்கொண்டவர் ஒருவர் உண்டு. அவரும் கொரியப் போரில் விமானம் ஓட்டியவர். பெயர் எட்வின் ஆல்ட்ரின். ஆம், பின்னாளில் நிலவில் நடந்த அதே ஆல்ட்ரின்தான். 1963-இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் அவர் ஆய்வேட்டை அளித்தார். 1966 நவம்பரில் ஜெமினி-12 பயணத்தின்போது ரேடார் வேலை செய்யவில்லை. கோணமானியையும் அட்டவணைகளையும் கையில் வைத்துக்கொண்டு அவர் கணக்கிட்டுச் சொல்ல, ஜேம்ஸ் லவெல் கலத்தை ஓட்டி இலக்கோடு இணைத்தார். பைலட்டின் கை இழந்த பந்தயத்தைக் கணக்கு வென்றது என்பேன். இயற்பியல் ஆசிரியன் வேறு எப்படிச் சொல்வான்!

நம் நாட்டின் துரத்தல் 2024 டிசம்பர் 30 அன்று இரவு தொடங்கியது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. சி-60 ராக்கெட், தலைக்கு 220 கிலோகிராம் எடையுள்ள இரண்டு செயற்கைக்கோள்களை 475 கிலோமீட்டர் உயரத்தில் விட்டது. மேலே நாம் போட்ட கணக்கு இவற்றின் பாதைக்கு உரியதே. திட்டத்தின் பெயர் ‘ஸ்பேடெக்ஸ்’. ஒன்று துரத்துவது, மற்றொன்று இலக்கு. முதலில் பல கிலோமீட்டர் விலகவிட்டு, பிறகு 5 கிலோமீட்டர், ஒன்றரை கிலோமீட்டர், 500 மீட்டர், 225 மீட்டர் என்று படிப்படியாக நெருங்கி, ஒவ்வொரு படியிலும் நின்று சரிபார்த்துக்கொள்வது என்று இஸ்ரோ வகுத்திருந்தது. 225 மீட்டருக்கு வரும் கட்டத்தில், எதிர்பார்த்ததைவிட அதிகமாக நகர்வு தென்பட்டது. உடனே இணைப்பைத் தள்ளிவைத்தார்கள். ஜனவரி 12 அன்று 15 மீட்டர், பிறகு 3 மீட்டர் வரை வந்து பார்த்துவிட்டு, மீண்டும் விலகினார்கள். 2025 ஜனவரி 16 அன்று இரண்டும் இணைந்தன. ரஷ்யா, அமெரிக்கா, சீனா ஆகிய நாடுகளுக்குப் பிறகு இதைச் செய்த நான்காவது நாடு இந்தியா. மார்ச் 13 அன்று பிரித்து, ஏப்ரல் 20 அன்று மறுபடியும் இணைத்தார்கள்.

கடைசி நெருக்கத்தின் வேகம் எவ்வளவு தெரியுமா? விநாடிக்கு 10 மில்லிமீட்டர் என்ற அளவில் அமைத்திருந்தார்கள்; எறும்பு ஊர்வது போல! இரண்டு கலங்களுமோ பூமியைப் பொறுத்தவரை மணிக்கு 27,000 கிலோமீட்டருக்கு மேல் பறந்துகொண்டிருந்தன. சில மீட்டர் தொலைவில், சில நிமிடங்களுக்குள் நடக்கும் இந்தக் கடைசிக் கட்டத்தில், முன்னே உந்தினால் முன்னேதான் போகும். சுற்றுப்பாதையின் விந்தை தலைகாட்ட நேரம் போதாது. மெக்டிவிட்டின் உள்ளுணர்வு பொய்யன்று. அது செல்லுபடியாகும் தொலைவு மிகச் சிறியது, அவ்வளவுதான்.

2025 மார்ச்சில் அமெரிக்க விண்வெளிப் படையின் தளபதி ஒருவர், சீனச் செயற்கைக்கோள்கள் ஒன்றையொன்று சுற்றிவந்ததைப் போர் விமானச் சண்டைக்கு ஒப்பிட்டுப் பேசினார். செய்தித்தாள்களும் அப்படியே எழுதின. அந்தச் சண்டையில் யாரும் வளைந்து பாய்வதில்லை என்பது இப்போது உங்களுக்குத் தெரியும். சிறிது பிரேக், நீண்ட காத்திருப்பு, மறுபடி சிறிது உந்துதல், இவ்வளவே.

இதைச் செய்து பார்க்க விரும்பினால், கணிப்பொறியில் ‘கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம்’ என்ற விளையாட்டு இருக்கிறது. அது இல்லாவிட்டாலும் ஒரு தாளும் பென்சிலும் போதும். நம் செயற்கைக்கோளுக்கு 2 கிலோமீட்டர் முன்னால் இலக்கு போகிறது. ஒரே சுற்றில் பிடிக்க எவ்வளவு வேகத்தைக் குறைக்க வேண்டும்? விநாடிக்கு 1 மீட்டருக்கு 17 கிலோமீட்டர் என்றால், 2 கிலோமீட்டருக்கு விநாடிக்கு 12 சென்டிமீட்டர் போதும். சுற்று முடிந்ததும் அதே அளவு கூட்டி, இலக்கின் பாதைக்குத் திரும்பிவிட வேண்டும். அவசரப்படாமல் ஒரு நாள் முழுவதும், அதாவது 15 சுற்றுகள் எடுத்துக்கொண்டால் எவ்வளவு குறைக்க வேண்டும்? எரிபொருள் எத்தனை மடங்கு மிச்சமாகும்? கணக்கிட்டுப் பாருங்கள்.