யார் வீட்டுப் பிள்ளைக்கு யார் வரி?

அமெரிக்காவில் பள்ளிக்கூடம் நடத்துவது மத்திய அரசின் வேலை அல்ல. மாநில அரசும் பெரும்பாலும் நேராக அதில் இறங்குவதில்லை. பள்ளி மாவட்டம் என்றே தனியாக ஓர் உள்ளாட்சி அமைப்பு இருக்கிறது. தமிழ்நாட்டில் கல்வி மாவட்டம் என்றால் ஓர் அதிகாரியும் அவருடைய அலுவலகமும் நினைவுக்கு வரும். அங்கே அதற்கென மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் வாரியம் உண்டு, அதற்கென ஓர் எல்லை உண்டு, நெடுங்காலம் தன் செலவுக்குத் தானே வரி போட்டுக்கொள்ளும் உரிமையும் உண்டு. மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட்டுக்கும் சிகாகோவுக்கும் நடுவழியில் இருக்கும் கலமசூ, இன்றும் 75,000 பேர் அளவே வாழும் சிறிய நகரம். அதன் பள்ளி மாவட்டம் அமெரிக்கக் கல்வி வரலாற்றில் இரண்டு முறை பெரிதாகப் பேசப்பட்டது: 1874-ல் ஒரு தீர்ப்புக்காக, 2005-ல் ஒரு நன்கொடைக்காக. இரண்டையும் இந்த ஊரின் தாராள மனத்துக்குச் சான்றாகச் சொல்லிவிட்டுப் போவது வழக்கம். ஆனால் 1971-ல் நடந்ததையும் சேர்த்து வைத்துப் படித்தால் கதை வேறாகிறது. என்ன கற்பிப்பது என்பதில் இந்த ஊர் அதிகம் சண்டையிட்டதில்லை. யார் வீட்டுப் பிள்ளையை நம் பிள்ளை என்று கணக்கில் சேர்ப்பது, அதற்கு யார் பணம் கொடுப்பது என்பதில்தான் ஒன்றரை நூற்றாண்டாக இழுபறி.

முதல் வழக்கைத் தொடுத்தவர்கள் ஊரின் பெரிய மனிதர்கள். அவர்களில் முதன்மையானவர் சார்ல்ஸ் ஸ்டூவர்ட், அமெரிக்க செனட் சபையில் உறுப்பினராக இருந்தவர். 1858-லிருந்து ஊரில் உயர்நிலைப் பள்ளி நடந்துவந்தது. 1873-ல் நீதிமன்றம் போன ஸ்டூவர்ட் தரப்பு, தொடக்கப் பள்ளிக்கு வரி கேட்பதை எதிர்க்கவில்லை. லத்தீன் போன்ற மொழிகளை ஊர்ப் பணத்தில் இலவசமாகச் சொல்லிக்கொடுக்கும் உயர்நிலைப் பள்ளிக்கும், சம்பளம் வாங்கும் ஒரு கண்காணிப்பாளருக்கும் வரி கேட்கச் சட்டத்தில் இடமில்லை என்றது. கலமசூ அப்போது சட்டப்படி நகரம்கூட அல்ல, கிராமம். மாநில உச்ச நீதிமன்றத்தில் 1874 ஜூலையில் தீர்ப்பு எழுதியவர் தாமஸ் கூலி. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் சட்டம் கற்பித்தவர். அவர் வாதத்தின் எலும்புக்கூடு எளிமையானது. இந்த மாநிலம் தொடக்கத்திலிருந்தே அடியில் பொதுப் பள்ளியையும் உச்சியில் பல்கலைக்கழகத்தையும் வைத்திருக்கிறது. நடுப்படி இல்லாவிட்டால், தனியாக ஆசிரியர் வைத்துப் படிக்கும் வசதியுள்ள வீட்டுப் பிள்ளை மட்டுமே உச்சிக்குப் போவான். அப்படியொரு நோக்கம் மாநிலத்தின் சட்டங்களில் எங்குமே இல்லை. பள்ளி மாவட்டம் எந்தப் பாடத்தையும் கற்பிக்கலாம், அந்தச் செலவை ஏற்க வாக்காளர்கள் ஒப்புக்கொண்டால் போதும்.

இந்தத் தீர்ப்பின் பெருமையை மிகைப்படுத்துகிறார்கள் என்று சில வரலாற்றாசிரியர்கள் சொல்வதுண்டு. உயர்நிலைப் பள்ளிகள் அதற்கு முன்பே பரவத் தொடங்கிவிட்டன, வழக்கு வராவிட்டாலும் பரவியிருக்கும் என்பது அவர்கள் கட்சி. அதில் நியாயம் இருக்கிறது. 1910-ல் உயர்நிலைப் படிப்பை முடித்த அமெரிக்க இளைஞர்கள் நூற்றுக்கு 9 பேர்தான். 1940-ல் அது பாதியைத் தாண்டியது. தீர்ப்பு வெளிவந்து 36 ஆண்டுகள் கழித்தும் நூற்றுக்கு 9 என்றால், அந்த வளர்ச்சியை ஒரு நீதிபதியின் கணக்கில் எழுத முடியாது. ஆனால் பள்ளி கட்டுவது ஒன்று, கட்டிய பள்ளிக்குப் பணம் மறுக்கப்படாமல் காப்பது வேறொன்று. பிற மாநில நீதிமன்றங்கள் கூலியை மேற்கோள் காட்டியது இந்த இரண்டாவது வேலைக்குத்தான். தீர்ப்பில் கவனிக்க வேண்டியது அதன் கடைசி நிபந்தனை. வாக்காளர்கள் ஒப்பினால் போதும் என்றால், அவர்கள் ஒப்பாவிட்டால் ஒன்றும் இல்லை. கூலி உரிமையைக் குழந்தையின் கையில் தரவில்லை, எல்லைக்கோட்டுக்குள் வாழும் பெரும்பான்மையின் கையில் தந்தார். 1874-ல் அது ஏழைக்குச் சாதகமாக அமைந்தது, அவ்வளவுதான்.

எல்லைக்குள் இருப்பவர்கள் தங்களுக்குள்ளேயே ஒரு கோடு போட்டுக்கொண்டால் என்ன ஆகும் என்பது 1971-ல் தெரிந்தது. கறுப்பினக் குழந்தைகள் சில பள்ளிகளிலும் வெள்ளையினக் குழந்தைகள் மற்றப் பள்ளிகளிலும் குவிந்திருந்த நிலையை மாற்ற, அந்த ஆண்டு மே மாதத்தில் பள்ளி வாரியம் ஒரு திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. பேருந்தில் பிள்ளைகளை இடம் மாற்றி எல்லாப் பள்ளிகளிலும் கலந்து படிக்கவைப்பது அதன் சாரம். சில வாரங்களில் வாரியத் தேர்தல் வந்தது; திட்டத்தை எதிர்த்தவர்கள் வென்றார்கள்; ஜூலையில் திட்டம் ரத்தானது. கூலியின் அளவுகோலில் பார்த்தால் இதில் குற்றமே இல்லை: வாக்காளர்கள் ஒப்பவில்லை, அவ்வளவே. கறுப்பினப் பெற்றோர் தரப்பு கூட்டாட்சி நீதிமன்றம் போனது. நீதிபதி நோயல் ஃபாக்ஸ் அந்தத் திட்டத்தையே நடைமுறைப்படுத்தச் சொன்னார். 1973-ல் வழங்கிய விரிவான தீர்ப்பில், இந்தப் பிரிவினை தானாக நேர்ந்ததல்ல, வாரியத்தின் செயல்களுக்கு அதில் பங்கு உண்டு என்று கண்டார். மேல்முறையீட்டிலும் அது நின்றது. ஊர் மக்களின் விருப்பத்துக்கு மேலாக நீதிமன்றம் நின்றது சரியா என்று கேட்டவர்கள் அன்று நிறைய. ஒரு பெரும்பான்மை தன் வரியைத் தானே முடிவு செய்யலாம். அடுத்தவர் பிள்ளை எந்தக் கட்டடத்தில் அடைபட வேண்டும் என்பதை நிறம் பார்த்து முடிவு செய்யும் உரிமை அதற்கு இல்லை. இரண்டையும் ஒரே வாக்குச்சீட்டில் முடித்துக்கொள்ள நினைத்ததில்தான் கோளாறு.

ஆனால் நீதிபதியின் கை எல்லைக்கோட்டைத் தாண்டி நீளவில்லை. கூலியின் தீர்ப்பு வந்து சரியாக நூறு ஆண்டுகள் கழித்து, 1974 ஜூலையில், அதே மிச்சிகனின் டெட்ராய்ட் வழக்கில், நிறப் பிரிவினைக்குத் தாங்களே காரணமாக இல்லாத புறநகர்ப் பள்ளி மாவட்டங்களை நகரத்தின் தீர்வுக்குள் இழுக்க முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் சொல்லிவிட்டது. வசதியுள்ள குடும்பங்களுக்கு வழி தெளிவாகிவிட்டது: கோட்டைத் தாண்டிக் குடியேறினால் போதும். கலமசூவுக்குத் தெற்கே ஒட்டியே போர்டேஜ் என்ற தனிப் பள்ளி மாவட்டம் இருந்தது. காகித ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின, 1999-ல் ஜெனரல் மோட்டார்ஸ் தொழிற்சாலையும் மூடியது. கலமசூ பள்ளிகளின் மாணவர் எண்ணிக்கை சரிந்துகொண்டே வந்து 2005-ல் 10,000 சொச்சத்தில் நின்றது. இதற்கிடையே 1994-ல் மிச்சிகன் வாக்காளர்கள் இன்னொரு மாற்றம் செய்தார்கள். பள்ளிகளின் அன்றாடச் செலவை உள்ளூர்ச் சொத்து வரியிலிருந்து எடுத்து மாநிலத்தின் தலையில் வைத்தார்கள். விற்பனை வரி 4 சதவீதத்திலிருந்து 6 ஆனது. ஒரு மாணவருக்கு இவ்வளவு என்று மாநிலமே தந்தது. ஏழை ஊர்களுக்கு இது நல்லதுதான். ஆனால் மாணவர் ஒருவர் போனால் அவருடைய பணமும் போகும். ஊர் ஒப்பினாலும் அன்றாடச் செலவுக்குக் கூடுதல் வரி போட இனி பெரும்பாலும் வழியில்லை. கட்டடக் கடனுக்கு வாக்களிக்கலாம், அவ்வளவுதான். கூலியின் நிபந்தனை சத்தமில்லாமல் செல்லாக்காசாகிவிட்டது.

இந்த இடத்தில் வைத்துப் பார்த்தால்தான் 2005 நவம்பர் 10 புரியும். அன்றைய வாரியக் கூட்டத்தில் கண்காணிப்பாளர் ஜேனிஸ் பிரவுன் ஓர் அறிவிப்பை வெளியிட்டார். பெயர் சொல்ல விரும்பாத சிலர், இந்த மாவட்டப் பள்ளிகளில் படித்து முடிக்கும் பிள்ளைகளுக்கு மிச்சிகனின் அரசுப் பல்கலைக்கழகங்களிலும் சமுதாயக் கல்லூரிகளிலும் கல்விக் கட்டணத்தைக் கட்டுவார்கள். 'கலமசூ பிராமிஸ்' என்று பெயர். மதிப்பெண் கேட்கவில்லை, வருமானச் சான்றிதழ் கேட்கவில்லை. கேட்டது இரண்டே: எல்லைக்குள் வீடு, மாவட்டப் பள்ளியில் படிப்பு. மழலை வகுப்பிலிருந்து படித்தால் முழுக் கட்டணம். ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தால் 65 சதவீதம். பத்தாம் வகுப்பில் வந்தவருக்கு எதுவும் இல்லை. அடுத்த ஓராண்டிலேயே ஏறத்தாழ 1,000 மாணவர்கள் கூடினார்கள். கூலி நடுப்படியைப் போட்டார். அவர் காலத்தில் கையெட்டும் தூரத்தில் இருந்த உச்சிப்படி, நூறாண்டுகளில் கட்டணம் ஏறி ஏறி எட்டாமல் போயிருந்தது. அந்தப் படியை இம்முறை வாக்காளர்கள் போடவில்லை, பெயரில்லாத பணக்காரர்கள் போட்டார்கள்.

வசதியுள்ளவர் பிள்ளைக்கும் ஏன் கொடுக்க வேண்டும் என்ற கேள்வி அன்றிலிருந்து இருக்கிறது. பணத்தைத் தேவைப்பட்டவருக்கே திருப்பினால் அவர்களுக்குக் கூடுதலாகக் கிடைக்கும் என்பது கணக்குப்படி உண்மை. ஆனால் பிராமிஸ் மற்ற உதவித்தொகைகளுக்கு முன்னால் வரும் பணம். கட்டணம் அதில் தீர்ந்துவிடுவதால், ஏழை மாணவர் கூட்டாட்சி அரசு தரும் உதவித்தொகையைச் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் வைத்துக்கொள்ளலாம். அதைவிட முக்கியம், விண்ணப்பப் படிவத்தின் சிக்கலில் வடிகட்டப்படுபவர்கள் எப்போதும் ஏழைகள்தான். எல்லோருக்கும் என்று சொன்னதால் அந்த வடிகட்டி இல்லை. கலமசூவிலேயே இயங்கும் அப்ஜான் ஆய்வு நிறுவனத்தின் பொருளாதார அறிஞர்கள் கணக்கிட்டபோது, பள்ளி முடித்து ஆறு ஆண்டுகளுக்குள் ஏதேனும் பட்டமோ சான்றிதழோ பெற்றவர்களின் விகிதம் முன்பிருந்ததைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உயர்ந்திருந்தது. அதே ஆய்வாளர்கள் கண்ட இன்னொன்று: இந்தப் பலன் முழுக்கப் பெண்களிடம்தான் தெரிந்தது, ஆண்களிடம் கிட்டத்தட்ட இல்லை. கட்டணம் மட்டுமே தடையாக இருந்த இடத்தில் கதவு திறந்தது. வேறு தடைகள் இருந்த இடத்தில் திறக்கவில்லை. திட்டத்தைப் புகழ்பவர்கள் இந்த இரண்டாவது முடிவை அடிக்கடி மறந்துவிடுகிறார்கள்.

கடினமான எதிர்வாதம் வேறு. பெயர் தெரியாதவர் கொடுப்பதை ஊர் கேள்வி கேட்க முடியாது. பத்தாம் வகுப்பில் வந்த பிள்ளை ஏன் வெளியே நிற்கிறது என்று யாரையும் தேர்தலில் தோற்கடிக்க முடியாது. அந்தப் பழக்கம் பள்ளியோடு நிற்கவுமில்லை. 2016 முதல் நகர நிர்வாகத்தின் பற்றாக்குறையையும் நன்கொடை தாங்குகிறது. 2021-ல் அதற்கான அறக்கட்டளைக்கு 40 கோடி டாலர் வந்தது, அதுவும் பெயரில்லாமல். வேண்டாம் என்று சொல்லிப் பிள்ளைகளைக் காக்கவைப்பது சரியல்ல என்பதால் கலமசூ வாங்கியதைக் குறை சொல்ல முடியாது. குறை மாநிலத்தின் மேல். மாநிலமும் ஒரு முயற்சி செய்தது. கலமசூவைப் பார்த்து, ஏழை ஊர்களும் இப்படிச் செய்ய 2009 தொடக்கத்தில் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. முதல் இரண்டு ஆண்டுகளுக்கான பணத்தை ஊர் தனியாரிடம் திரட்ட வேண்டும். பிறகு அந்தப் பகுதியில் மாநிலக் கல்விச் சொத்து வரி எவ்வளவு வளர்கிறதோ அதில் பாதியை உதவித்தொகைக்கு எடுத்துக்கொள்ளலாம். நன்கொடையிலிருந்து வரிக்குத் திரும்பும் பாதை அது. ஆனால் வளரும் வரியில் பாதி என்றால், நிலமதிப்பு ஏறாத ஊரில் பாதியாகப் பிரிக்க எதுவும் இருக்காது. அத்தகைய ஊர்களுக்காகத்தான் அந்தச் சட்டம் எழுதப்பட்டது.