விளம்பரமும் குறிப்பு மொழியும்

பண்டம் விற்போர் தம் இருப்பினைப் பிறர்க்கு அறிவித்தல் வாணிகம் தோன்றிய நாள்தொட்டு வரும் வழக்கமாகும். காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடும் பட்டினப்பாலை, அந்நகரில் அசைந்த கொடிகளை வகைப்படுத்திக் கூறுகின்றது. தெய்வம் உறையும் இடத்துக் கொடி, சொற்போர்க்கு அழைக்கும் கல்வியாளர் கொடி, மரக்கலத்தின் கூம்பில் ஆடும் கொடி, கள் விற்கும் மனைமுன் நட்ட கொடி எனப் பலவாயினும், எக்கொடி எவருடையது என்பது காண்பார்க்கு விளங்கியிருத்தல் வேண்டும். இன்றைய இணையவெளியில் அவ்வேறுபாடு மங்கி வருகின்றது. மக்கள் நட்ட கம்பத்திலேயே வணிகர் தம் கொடியை ஏற்றுகின்றனர். அஃது எவ்வாறு நிகழ்கின்றது என்பதனையும், மொழி பயில்வோர் அதனைக் கருத வேண்டுவது ஏன் என்பதனையும் ஈண்டுக் காண்போம்.

செய்தி பெருகுந்தோறும் அதனை ஏற்பாரின் கவனம் அரும்பொருளாகிவிடும் என்பதனை அமெரிக்க அறிஞர் ஹெர்பர்ட் சைமன் 1971ஆம் ஆண்டிலேயே விளக்கினார். அவ்வரும்பொருள் எங்கே குவிந்துள்ளது என்று காட்டும் கருவி பின்னரே அமைந்தது. ஒரு பொருள்பற்றிய உரையாடல்களை ஒருங்கு சேர்த்தற்குச் சொல்லின் முன்னே ஒரு குறியிடலாம் என்று கிறிஸ் மெசினா என்பார் 2007ஆம் ஆண்டு ஆகஸ்ட் 23ஆம் நாள் ட்விட்டர் தளத்தில் கூறினார். ஹேஷ்டேக் என வழங்குவது அதுவே. பலரும் பேசும் பொருள்களைப் பட்டியலிட்டு டிரெண்டிங் என்று காட்டும் முறையினை அத்தளம் 2008இல் மேற்கொண்டது. நாள்தோறும் ஒரே அளவாகப் பேசப்படும் பொருள் அப்பட்டியலில் எளிதில் ஏறுவதில்லை. திடுமென எழும் பேச்சே ஏறும். ஆகலின், அதனை நாடும் வணிகர்க்கு விரைவு இன்றியமையாததாயிற்று. பணம் செலுத்தி அங்கே இடம் பெறும் வழியும் 2010இல் திறந்தது. அத்தளம் 2023 முதல் எக்ஸ் எனப் பெயர் பெற்றுள்ளது.

நடப்பு நிகழ்ச்சியோடு பண்டத்தை இயைக்கும் கலை இணையத்திற்கு முற்பட்டதே. சில்வெஸ்டர் டா குன்யாவின் நிறுவனம் 1966இல் தொடங்கிய அமுல் வெண்ணெய் விளம்பரங்களில், ஒரு சிறுமி நாட்டு நடப்பினைச் சிலேடையால் நகையாடி வந்தாள். இணையம் இக்கலையின் கால அளவை நாழிகைக் கணக்கிற்குச் சுருக்கியது. 2013ஆம் ஆண்டு பிப்ரவரி 3ஆம் நாள் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் நடந்த சூப்பர் பவுல் கால்பந்தாட்டத்தின்போது மின்விளக்குகள் அணைந்து, ஆட்டம் 34 நிமிடம் தடைப்பட்டது. அவ்வேளையில், இருட்டிலும் பிஸ்கட்டைப் பாலில் தோய்க்கலாம் என்னும் கருத்துப்பட ஓரியோ நிறுவனத்தார் ஒரு படம் வெளியிட்டனர். அது 10,000க்கும் மேற்பட்ட முறை பிறரால் எடுத்துப் பரப்பப்பட்டது. அவ்வாட்டத்தினிடையே 30 விநாடித் தொலைக்காட்சி விளம்பரத்திற்கு ஏறத்தாழ 40 இலட்சம் டாலர் கொடுத்தல் வேண்டியிருந்தது என்பதனை நினைப்பின், இதன் ஆதாயம் புலனாகும்.

இவ்விளம்பரத்தின் ஆற்றல் யாது? நன்னூலார் சொல்லை வெளிப்படை என்றும் குறிப்பு என்றும் பகுத்தார். 'வாங்குக' என்பது வெளிப்படை. ஓரியோவின் கூற்றோ, விளக்கணைந்த செய்தியை அறிந்தார்க்கே முழுப்பொருள் தருவதாய்க் குறிப்பினைச் சார்ந்து நின்றது. குறிப்பினை உணர்ந்தவன், 'யானும் இதனை அறிந்தேன்' என மகிழ்கின்றான். அம்மகிழ்ச்சியினாலேயே அதனைப் பிறர்க்கும் காட்டுகின்றான். இவ்வாறு நுகர்வோனே கூலி பெறாத விளம்பரக்காரனாகின்றான்.

ஆயினும், குறிப்பு இடமறிந்து வழங்கற்பாலது. 2014ஆம் ஆண்டு செப்டம்பர் திங்களில், கணவரால் துன்புறுத்தப்பட்ட அமெரிக்க மகளிர் பலர், தாம் அவ்வில்லத்தை விட்டு நீங்காதிருந்த காரணத்தை ஒரு ஹேஷ்டேக்கின்கீழ் எழுதினர். அச்சொல்லின் பொருளை ஆராயாத டிஜோர்னோ பீட்சா நிறுவனத்தார், பீட்சா இருந்தமையே காரணம் என்னும்படி அதனைத் தம் விளம்பரமாக்கினர். கண்டனம் எழவே, அதனை நீக்கி மன்னிப்பு வேண்டினர். பலர் பேசுகின்றனர் என்பதனை எண்ணிக்கை காட்டும். அவர் அழுகின்றனரா நகுகின்றனரா என்பதனைக் காட்டாது. துன்பத்தை வெளியிடப் பிறந்த சொல் சரக்கின் பெயரோடு ஒட்டப்படுமாயின், அதனைச் சொன்னவர்க்கு அச்சொல் மீண்டும் பயன்படுவது அரிதாகும். இஃது ஒரு நிறுவனத்தின் தவறு மட்டுமன்று. பொதுமொழிக்கு நேர்ந்த இழப்புமாகும்.

இனி, பணம் பெற்றுப் புகழ்வோர் தம் விருப்பம் போலவே பேசுவது மற்றொரு முறை. இத்தகைய பதிவுகள் விளம்பரமே என்பதனைத் தெளிவாகக் குறித்தல் வேண்டுமென இந்திய விளம்பரத் தர மன்றம் 2021இல் நெறி வகுத்தது. அந்நெறி வேண்டுவது, கொடி எவருடையது என்று காட்டுதலேயாம்.

தொல்காப்பியர் செய்யுளியலில் கூற்று, கேட்போர், களன், காலம், பயன் ஆகியவற்றைச் செய்யுள் உறுப்புக்களாக எண்ணினார். இணையத்தில் ஒரு தொடரைக் காணுங்கால், கூறுவார் யார், எக்களத்திற் கூறினார், பயன் எவர்க்கு என்று வினவும் பழக்கம் நம் மாணவர்க்கு வருமாயின், பண்டை இலக்கணப் பயிற்சி இற்றை வாழ்விற்கும் காவலாகும். பிறர் துயரத்தையும் மகிழ்ச்சியையும் தாங்கும் சொற்கள் அவர்க்கே உரியனவாய் நிலைத்தற்கும் அப்பழக்கம் துணைசெய்யும்.