கடலோடு மல்லுக்கு நிற்கும் நகரங்கள்

ஏரிக்கு அடியில் விமானம் இறங்குமா? இறங்கும்! நெதர்லாந்து நாட்டில் அது தினமும் நடக்கிறது.

அங்குள்ள ஷிபோல் விமான நிலையம் முன்பு பெரிய ஏரியாக இருந்த இடம். புயல் அடிக்கும்போதெல்லாம் அந்த ஏரி அக்கம்பக்கத்து ஊர்களை மிரட்டியது. மக்கள் அதைச் சுற்றிக் கரை கட்டினார்கள். நீராவி இயந்திரங்களை வைத்துத் தண்ணீரை இறைத்தார்கள். 1852-ம் ஆண்டில் ஏரி வற்றியது. இன்று அங்கே இறங்கும் பயணி, கடல் மட்டத்துக்குச் சுமார் 3 மீட்டர் கீழே நிற்கிறார்!

ஹாலந்து என்றும் அழைக்கப்படும் இந்தச் சின்ன நாட்டில், நாலில் ஒரு பங்கு நிலம் இப்படித்தான் கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. முக்கியமான நான்கு நகரங்களை ஒரே ரயில் பாதையில் பார்த்துவிடலாம்.

ஆம்ஸ்டர்டாம்

இதுதான் தலைநகரம். ஆம்ஸ்டல் ஆற்றில் கட்டிய அணையால் வந்த பெயர். அடியில் சேற்று நிலம். கட்டிடம் எப்படி நிற்கும்? மரக்கம்பங்களை ஆழமாக அடித்து இறக்கி, அவற்றின் மேல் கட்டினார்கள். 17-ம் நூற்றாண்டில் எழுந்த அரண்மனைக்கு மட்டும் 13,659 கம்பங்கள்!

ஒரு கால்வாய்க் கரையில் ஒரு வீட்டைப் பார்க்கக் கூட்டம் கூடுகிறது. யூதச் சிறுமி ஆன் பிராங்க், ஹிட்லரின் ஆட்களுக்குப் பயந்து குடும்பத்தோடு 2 ஆண்டுகள் ஒளிந்திருந்த வீடு அது. 1944-ல் பிடிபட்டாள். மறு ஆண்டு முகாமில் இறந்தாள். அவள் எழுதிய டைரியை இன்று உலகமே படிக்கிறது.

லெய்டன்

1574-ல் ஸ்பெயின் படை இந்த ஊரை முற்றுகையிட்டது. ஆயிரக்கணக்கானோர் பசியாலும் நோயாலும் மடிந்தார்கள். ஊரைக் காக்க, இந்நாட்டவர் தங்கள் கரைகளைத் தாங்களே உடைத்தார்கள்! வயல்களில் வெள்ளம் புகுந்தது. எதிரி ஓடினான். வெள்ளத்தில் மிதந்து வந்த படகுகள் மீனும் ரொட்டியும் கொண்டு வந்தன. இன்றும் அக்டோபர் 3-ந் தேதி ஊராருக்கு மீனும் ரொட்டியும் வழங்குகிறார்கள்.

மறு ஆண்டே அங்கு பல்கலைக்கழகம் பிறந்தது. நாகப்பட்டினம் புத்த விகாரத்துக்கு ராஜராஜ சோழன் அளித்த கொடையைச் சொல்லும் செப்பேடுகள் நெடுங்காலம் இருந்தது அங்கேதான்.

ஹேக்

தலைநகரம் ஆம்ஸ்டர்டாம் என்றாலும், பாராளுமன்றம் கூடுவது ஹேக் நகரில். 1913-ல் திறக்கப்பட்ட சமாதான மாளிகையில் சர்வதேச நீதிமன்றம் நடக்கிறது. நாட்டுக்கு நாடு வழக்கு என்றால் வாதம் இங்கேதான்.

கடற்கரையோரம் மணற்குன்றுகள். அவற்றின் மேல் புல். அழகுக்காக அல்ல. புல் மணலைப் பிடித்துக்கொள்ளும். மணல் கடலைத் தடுக்கும்.

ராட்டர்டாம்

ஐரோப்பாவிலேயே பெரிய துறைமுகம். 1940 மே 14-ந் தேதி ஜெர்மன் விமானங்கள் குண்டு வீசின. நகரின் நடுப்பகுதி தரைமட்டமானது. அதை மறவாதிருக்க ஒரு சிலை வைத்திருக்கிறார்கள். வானை நோக்கிக் கைகளைத் தூக்கி நிற்கும் மனிதன். அவன் நெஞ்சு இருக்கவேண்டிய இடத்தில் ஓட்டை!

ஊரைத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தபோதே அடுத்த இடி விழுந்தது. 1953 பிப்ரவரி 1-ந் தேதி விடியுமுன், நாட்டின் தென்மேற்கில் கடல் கரைகளை உடைத்தது. 1,836 பேர் மாண்டார்கள். அதன்பின் அணை மேல் அணை எழுந்தது. ராட்டர்டாமின் கடல் வழியில் 1997-ல் இரண்டு ராட்சதக் கதவுகள் அமைந்தன. கடல் பொங்கினால் அவை மூடிக்கொள்ளும்.

பூமி சூடேறி, கடல் மட்டம் உயர்ந்து வருகிறது. இந்த மக்கள் இன்னும் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருக்கிறார்கள். இறைப்பதை நிறுத்தினால்?

விமானம் இறங்கிய இடத்துக்கு ஏரி திரும்பி வந்துவிடும்!