ஒரே மேஜையில் இரண்டு ஜெட் சண்டை விமானங்கள்!

ஜெட் சண்டை விமானத்தை உள்ளங்கையில் வைத்துப் பார்க்க முடியுமா?

முடியும். ஒன்றல்ல, இரண்டு!

கோடை விடுமுறையில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் இரண்டு விமானங்கள் உருவாயின. ஒன்று "நாட்". இன்னொன்று "சேபர்". 1965-லும் 1971-லும் வானத்தில் மோதிக்கொண்ட பகை விமானங்கள்!

கட்டியவர்கள் யார்? 13 வயது அண்ணனும் 11 வயது தங்கையும். மேற்பார்வை, 80 வயதுத் தாத்தா!

கொசுவும் வாளும்

நாட் என்றால் கொசு போன்ற ஒரு சின்னப் பூச்சி. பெயருக்கு ஏற்ற உருவம். ஒரு இறக்கை நுனியிலிருந்து மறு நுனி வரை சுமார் 22 அடிதான். இங்கிலாந்தில் பிறந்த இந்த விமானம் முதன்முதலில் பறந்தது 1955-ல். பிறகு பெங்களூரிலும் தயாரானது.

சேபர் என்றால் வாள். அமெரிக்காவில் செய்தது. முதலில் பறந்தது 1947-ல். இறக்கை அகலம் சுமார் 37 அடி. பாகிஸ்தான் விமானப்படையில் இருந்தது இதுதான்.

தாத்தா வாலிபத்தில் பெங்களூர் விமானத் தொழிற்சாலையில் பிட்டர் வேலை பார்த்தவர். நாட் விமானத்தின் தகடுகளை ராவிப் பொருத்திய கை அவருடையது. இப்போது அந்தக் கை நடுங்குகிறது. காபி டம்ளரைக்கூட இரண்டு கையாலும் பிடித்துத்தான் குடிக்கிறார்.

"நான் கை வைத்த விமானத்தை இன்னொரு தரம் பார்க்கணும்" என்று அடிக்கடி சொல்வார். அதற்காகத்தான் பெட்டிகளை வாங்கி வந்தேன்.

வந்தது சண்டை!

யாருக்கு எது? காசு சுண்டிப் பார்த்தோம். நாட் அண்ணனுக்குப் போயிற்று. சேபர் தங்கைக்கு.

அவ்வளவுதான்! தங்கை முகம் சுருங்கிவிட்டது.

"அவனுக்கு நம்ம நாட்டு விமானம். எனக்கு மட்டும் எதிரி விமானமா? எனக்கு வேண்டாம்!"

தாத்தா எதுவும் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டார்.

ஆறு அடி மனிதன் ஒரு அங்குலம்

பெட்டியில் "72-ல் ஒரு பங்கு" என்று போட்டிருக்கும். அப்படியென்றால் என்ன?

நிஜ விமானத்தில் 72 அங்குலம் இருப்பது, பொம்மையில் ஒரே அங்குலம். 72 அங்குலம் என்பது ஆறு அடி. ஆகவே ஆறு அடி உயர விமானி, பொம்மையில் ஒரு அங்குல உயரம்தான். நாட் இறக்கை நாலு அங்குலத்துக்கும் குறைவு. சேபர் இறக்கை ஆறு அங்குலத்துக்கு மேல்.

இந்தக் கணக்கு விளையாட்டுக்கு மட்டும் பயன்பட்டதல்ல. இரண்டாவது உலகப்போர் நடந்த 1942-ல், அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகளிடம் ஐந்து லட்சம் மாதிரி விமானங்கள் செய்து தரும்படி அந்நாட்டுக் கடற்படை கேட்டது. அவையும் 72-ல் ஒரு பங்குதான். வானத்தில் வருவது நண்பனா, எதிரியா என்று வீரர்கள் அடையாளம் கண்டுபிடிக்கப் பழகுவதற்காக!

இரண்டையும் சேர்த்துச் செய்வது ஏன்?

மாதிரி விமானம் கட்டுவதில் பாதி நேரம் காத்திருப்பதுதான். பசை காயவேண்டும். பெயிண்ட் காயவேண்டும். அவசரப்பட்டுத் தொட்டால் விரல் ரேகை பதிந்துவிடும்.

இரண்டு விமானம் இருந்தால், ஒன்று காயும்போது இன்னொன்றில் வேலை செய்யலாம். கை சும்மா இருக்காது. வெள்ளி பெயிண்டை ஒரு தடவை கலக்கினால் இரண்டுக்கும் பூசிவிடலாம். ஒன்றில் செய்த தப்பை மற்றதில் செய்யாமல் தப்பிக்கலாம்.

ஆனால் ஒரு ஆபத்து உண்டு. இதன் சக்கரம் அதற்குப் போய்விடும்! அதனால் இரண்டு தட்டு வைத்தோம். எவர்சில்வர் தட்டில் நாட். பிளாஸ்டிக் தட்டில் சேபர். ஒன்றின் சாமான் மற்றதில் விழக்கூடாது.

வேலை தொடங்கியது

முதலில் பாகங்களைச் சோப்புத் தண்ணீரில் கழுவவேண்டும். வார்ப்பு அச்சிலிருந்து வந்த எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பெயிண்ட் பிடிக்காது. பிறகு ஒவ்வொன்றாக வெட்டி எடுத்து, உப்புத்தாளால் தேய்க்கவேண்டும். பிளேடு வேலையை நான் செய்தேன். அதைச் சிறு பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள். பெயிண்ட் அடிக்கும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

உடம்பை ஒட்டி மூடுவதற்கு முன்பே விமானி உட்காரும் இடத்துக்கு வர்ணம் அடித்துவிடவேண்டும். மூடிய பிறகு தூரிகை உள்ளே நுழையாது.

மூக்கினுள் பாரமும் வைக்கவேண்டும். இல்லாவிட்டால் விமானம் வால் தரையில் இடிக்க, பின்பக்கம் சாய்ந்து உட்கார்ந்துவிடும். தூண்டிலில் கட்டும் ஈயக் குண்டு இதற்குப் போதும்.

இறக்கை ஒட்டுவதில்தான் தாத்தாவின் கெட்டிக்காரத்தனம் தெரிந்தது.

"நாட்டுக்கு இறக்கை மேலே இருக்கும், நுனி கொஞ்சம் கீழே தாழும். சேபருக்கு இறக்கை கீழே இருக்கும். நுனி மேலே தூக்கும். மாற்றிவிடாதீங்க!" என்றார். இறக்கைக்கு அடியில் தீப்பெட்டிகளை முட்டுக் கொடுத்து, பசை இறுகும்வரை அப்படியே விட்டோம்.

சேபரின் இறக்கையைத் தங்கை ஏனோதானோ என்று ஒட்டினாள். இடைவெளி தெரிந்தது.

"எதிரி விமானம்தானே! இது போதும்" என்றாள்.

தாத்தா சொன்ன கதை

அன்று இரவு தாத்தா அவளைப் பக்கத்தில் உட்காரவைத்தார்.

"1965 சண்டையிலே நம்ம நாட்டுக்கு 'சேபர் கொல்லி'ன்னு பேர் வந்தது. ஏன் அப்படி ஒரு பேர்? சேபர் லேசான விமானம் இல்லே. ஆறு துப்பாக்கி. பழகின விமானிங்க. சொத்தையான ஒண்ணை அடிச்சா யாராவது பேர் கொடுப்பாங்களா?"

பிறகு 1971-ம் ஆண்டு டிசம்பர் 14-ந் தேதி நடந்ததைச் சொன்னார்.

ஸ்ரீநகர் விமானத்தளத்தைச் சேபர்கள் தாக்கின. குண்டுகள் விழுந்துகொண்டிருக்கும்போதே நிர்மல் ஜித் சிங் சேகோன் என்ற விமானி நாட்டில் ஏறி மேலே கிளம்பினார். பல சேபர்களை ஒற்றை ஆளாக எதிர்த்துப் போரிட்டார். கடைசியில் அவருடைய விமானம் அடிபட்டு விழுந்தது. சேகோன் வீர மரணம் அடைந்தார். பரம வீர சக்ரம் பெற்ற ஒரே விமானப்படை வீரர் அவர்தான்.

"நீ சேபரை மட்டமாச் செஞ்சா, அவரு எதை எதிர்த்துப் போனாருன்னு பார்க்கிறவங்களுக்கு எப்படித் தெரியும்?"

தங்கை பேசவில்லை. மறுநாள் காலையில் பார்த்தால், சேபர் இறக்கையின் இடைவெளியை மாவு வைத்து அடைத்து, உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தாள்!

ஐயோ, கண்ணாடி!

விமானியின் தலைக்கு மேல் வரும் கண்ணாடி மூடிதான் கடைசி வேலை. அண்ணன் அவசரக்காரன். உடனே ஒட்டும் பசையை எடுத்து நாட்டுக்கு வைத்துவிட்டான்.

அந்தப் பசையின் ஆவி பட்டு, கண்ணாடி பால் போல் வெளுத்துவிட்டது!

பையன் அழுதேவிட்டான். பல நாள் உழைப்பு!

தாத்தா மூடியை மெதுவாகப் பெயர்த்துத் தரச் சொன்னார். பல் துலக்கும் பசையை மெல்லிய துணியில் தொட்டு, உள்ளும் புறமும் தேய்த்தார். தேய்த்தார், தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"நடுங்குற கை தேய்க்கிறதுக்கு நல்லதுடா!" என்று சிரித்தார்.

அரை மணி நேரத்தில் கண்ணாடி தெளிந்தது!

தங்கை சேபர் மூடியை வெள்ளைப் பசையால் ஒட்டினாள். அது காய்ந்தால் நிறமில்லாமல் போய்விடும். அண்ணன் செய்த தப்பு அவளைக் காப்பாற்றியது.

வெள்ளி மின்னியது

தாத்தா பார்த்த நாட் வெள்ளி நிறம். 1965-ல் சேபர்களிலும் வெள்ளி நிறத்தவை உண்டு. ஆகவே இரண்டுக்கும் வெள்ளி. முதலில் பளபளப்பான கறுப்பு. அது நன்றாகக் காய்ந்தபின் மேலே மெல்லிய வெள்ளி. அப்போதுதான் உலோகம் போல் மின்னும்.

பிறகு சின்னங்கள். தாளைத் தண்ணீரில் நனைத்தால் சின்னம் வழுக்கிக்கொண்டு வரும். நாட்டுக்குக் காவி, வெள்ளை, பச்சை வட்டம். சேபருக்குப் பச்சை வளையம், நடுவில் வெள்ளை.

இப்போது இரண்டும் ஒரே அலமாரியில், ஒரே தட்டில் நிற்கின்றன.

1965-ல் பாகிஸ்தானின் பஸ்ரூர் தளத்தில் இறங்கிப் பிடிபட்ட ஒரு நாட், கராச்சி விமானப்படை மியூசியத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. தாத்தாவுக்கு அது தெரியும்.

"அதுலே நான் ராவின தகடு இருக்கோ என்னவோ! அங்கேயும் யாராவது ஒரு கிழவன் அதைத் தன் பேரனுக்குக் காட்டிக்கிட்டிருப்பான்" என்றார்.

நாட்டை உள்ளங்கையில் எடுத்து வைத்துக்கொண்டார். கை நடுங்கியது. விமானமும் சேர்ந்து நடுங்கியது.

"பார், பறக்கிறது!" என்றாள் பேத்தி.