'டவுட்' என்னும் சொல்

நம் பிள்ளைகள் பள்ளியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவரும் ஆங்கிலச் சொற்களுள் 'டவுட்' என்பது ஒன்று. கணக்கில் ஒரு டவுட், சரித்திரத்தில் ஒரு டவுட் என்று அவர்கள் கூறக் கேட்கிறோம். அச்சொல்லின் வரலாற்றை அறிந்துகொள்வது அவர்களுக்கும் நமக்கும் பயன் தரும்.

லத்தீன் மொழியில் 'துவோ' என்றால் இரண்டு. அதனோடு உறவுடைய 'துபிதாரே' என்னும் வினைச்சொல், இதுவோ அதுவோ என மனம் ஊசலாடுவதைக் குறித்தது. அது பிரெஞ்சு மொழி வழியாக ஏறத்தாழ 13-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தை அடைந்தது. அக்காலத்தில் அதற்கு அச்சம் என்ற பொருளும் இருந்தது. ஐயத்தைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லும் இரண்டு என்னும் எண்ணின் அடியாகப் பிறந்ததே.

பிரெஞ்சிலிருந்து வந்தபோது அச்சொல்லில் 'பி' என்ற எழுத்து இல்லை. லத்தீன் மூலத்தை நினைவூட்ட விரும்பிய புலவர்கள் பிற்காலத்தில் அதைச் சேர்த்தனர். எழுத்தில் ஏறிய 'பி' நாவில் ஏறவில்லை. 1598-இல் அச்சான ஷேக்ஸ்பியர் நாடகம் ஒன்றில், அதை உச்சரிக்காதவர்கள்மீது ஒரு பள்ளியாசிரியர் சினங்கொள்கிறார். ஆங்கிலேயர் அவருக்குச் செவிசாய்க்கவில்லை!

வினாவை ஆறு வகையாகப் பிரிக்கும் நன்னூல், ஐயவினாவையும் அறியாவினாவையும் வேறுவேறாக வைக்கிறது. கிடப்பது பாம்போ கயிறோ என்பது ஐயவினா; ஒரு பாட்டின் பொருள் தெரியாமல் அதனைக் கேட்பது அறியாவினா. ஆங்கிலேயரின் 'டவுட்' முதலாவதை ஒத்தது. நம்பாமை என்ற சாயலும் அதற்கு உண்டு. நம் பிள்ளைகளோ, 'சந்தேகம் கேட்டல்' என்னும் நம் வழக்கைப் போல, இரண்டாவதற்கும் அச்சொல்லையே ஆள்கின்றனர்.

இந்தியப் பள்ளிகளில் இதனால் இடர் இல்லை. ஆனால் மேற்படிப்புக்கு இங்கிலாந்தோ அமெரிக்காவோ செல்லும் மாணவர், "எனக்கு ஒரு டவுட்" என்று ஆசிரியரிடம் கூறினால், தாம் சொன்னதை இவர் நம்பவில்லையோ என்று அவர் எண்ணக்கூடும். அங்கே 'கொஸ்டின்' என்பதே பொருந்தும்.

இவ்வேறுபாட்டை எடுத்துரைக்கும் பெற்றோர், சொல்லைத் திருத்தப் புகுந்து கேள்வியை அடக்கிவிடலாகாது. பிறமொழிச் சூழலில் பயிலும் குழந்தை, வகுப்பில் கேட்கக் கூசியதை வீட்டிலேனும் கேட்கவேண்டும். அதைத் தமிழில் கேட்கப் பழக்கினால் ஐயமும் தீரும். தாய்மொழியும் நாவில் தங்கும்.